பந்தயக் காரின் கடைசிப் பற்சில்லு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துவடிவம்)



இந்த மேடையில் சமயம், இலக்கியம், சரித்திரம் என்பன பற்றிப் பேச்சுக்கள் நிகழ்வதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ எண்ணெய்க் கறை படிந்தது. சர்வகலாசாலை மாணவர்கள் தம் கையாலேயே கட்டி ஓட்டும் சிறிய பந்தயக் காரொன்றுக்கு, பின்னச்சில் பூட்டும் பற்சில்லிலே எத்தனை பற்கள் இருக்கவேண்டும் என்பதே அப்பொருள். தொழில் தெரிந்தோர் இதனைப் பைனல் டிரைவ் என்பர். நாம் கடைசி விகிதம் என்று வழங்குவோம்.

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பது தெரிகின்றது. காசு வைத்து ஆடும் பந்தயம் அன்று இது. 1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, ஒஸ்ரின் நகரிலுள்ள ரெக்ஸாஸ் சர்வகலாசாலையில், போர்முலா எஸ்.ஏ.ஈ. என்ற பெயரில் இப்போட்டி தொடங்கிற்று. 1998-இல் இங்கிலாந்திலும் 2006-இல் ஜெர்மனியிலும் போர்முலா ஸ்ருடன்ற் என்ற பெயரோடு வேரூன்றிற்று. நமக்கு மிக அண்மையில், கோயம்புத்தூரிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஓடுகளத்தில் போர்முலா பாரத் நடைபெறுகின்றது. நம் மொறட்டுவைச் சர்வகலாசாலை மாணவரும் கார் கட்டி இங்கிலாந்துப் போட்டிக்குக் கொண்டுபோயிருக்கின்றனர். ஆகவே இது எங்கோ நடக்கும் கூத்து அன்று. நாளை இச்சபையிலிருந்தே ஒருவர் அக்களத்தில் நிற்கக்கூடும்.

அமெரிக்க விதிகளின்படி போட்டிக்கு மொத்தம் 1,000 புள்ளிகள். இவற்றுள் 325 புள்ளிகள் கார் ஓடாமலே கிடைப்பவை: அமைப்பை விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வியாபார விளக்கத்துக்கு 75. மிகுதி 675 புள்ளிகளுக்குக் கார் ஓடவேண்டும். 75 மீற்றர் நேர்க்கோட்டு ஓட்டத்துக்கு 100; எட்டு என்ற இலக்க வடிவில் வட்டமடிக்கும் ஓட்டத்துக்கு 75; கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஒற்றைச் சுற்று ஓடுவதற்கு 125; 22 கிலோமீற்றர் நெடு ஓட்டத்துக்கு 275; அந்நெடு ஓட்டத்தில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டதற்கு 100.

இவ்வளவையும் ஒரே காரோடு, ஒரே கடைசி விகிதத்தோடு ஓடவேண்டும். இங்கேதான் சங்கடம் பிறக்கின்றது. பரிசோதகர் காரைப் பார்த்து முத்திரை குத்திய பின்னர் செய்யத்தக்க திருத்தங்களுக்கு விதிநூலில் ஒரு பட்டியல் உண்டு. சங்கிலியை இறுக்கலாம், ரயரின் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம், இறக்கையின் சாய்வை மாற்றலாம். பற்சில்லைக் கழற்றி வேறொன்று பூட்டுவது அப்பட்டியலில் இல்லை. நேர் ஓட்டத்துக்கு ஒன்று, வளைவு ஓட்டத்துக்கு இன்னொன்று என்று இரண்டு தோணியில் கால் வைக்க இயலாது. ஒரு வருடம் முழுவதும் நித்திரை விழித்துக் கட்டிய கார், களத்துக்குப் போன பிறகு, பல்லின் எண்ணிக்கை பிழைத்துவிட்டது என்று கண்டால் அழுது பயனில்லை.

விகிதம் என்றால் என்ன என்பதைச் சயிக்கிளிலே பார்ப்போம். சயிக்கிள் மிதியாதவர் இச்சபையில் இரார். மிதியோடு சேர்ந்த பற்சில்லில் 48 பல்லும் பின்சில்லில் 16 பல்லும் இருந்தால், மிதி ஒருமுறை சுற்றப் பின்சில்லு மூன்றுமுறை சுற்றும். எதிர்க்காற்றில் மிதிக்கும்போது, பின்னால் இன்னும் இரண்டு பல் கூட இருந்தால் என்ன என்று நம் முழங்கால் கேட்கும். காற்று முதுகுப்புறமாய் அடிக்கும்போது, கால் வீணாய்ச் சுழல்கின்றதே, பல் குறைந்திருக்கலாகாதா என்று அதே முழங்கால் கேட்கும். விகிதம் என்பது இந்த இரண்டு கேள்விக்கும் நடுவே செய்துகொள்ளும் ஒப்பந்தம்.

காரிலே கணக்கு எதிர்ப்புறமாய் ஓடும். எஞ்சின் வேகமாய்ச் சுழல்வது, சில்லு மெதுவாய்ச் சுழல்வது; ஆதலால் சுழற்சியைக் குறைத்து முறுக்கத்தைக் கூட்டவேண்டும். மாணவர் கார்களிற் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினே இருக்கும். அதிற் குறைப்பு மூன்று படியாக நிகழ்கின்றது: எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் இடையே ஒன்று, கியர்ப் பெட்டியில் இரண்டாவது, சங்கிலியில் மூன்றாவது. முதலிரண்டும் தொழிற்சாலை அடைத்துத் தந்த பெட்டிக்குள்ளே இருப்பவை. அவற்றைத் தொடுவதென்றால் பணமும் காலமும் விழுங்கும். நம் விருப்பத்துக்கு விடப்பட்டது சங்கிலி ஒன்றே.

எல்லாருக்கும் பழக்கமான ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஹொண்டா சி.பி.ஆர். 600 ஆர்.ஆர்., 2007-ஆம் ஆண்டு தொட்டு வந்த வகை. 599 கன சென்ரிமீற்றர், நான்கு சிலிண்டர். முதற் குறைப்பு 2.111. கியர்கள் முறையே 2.750, 2.000, 1.666, 1.444, 1.304, 1.208. தொழிற்சாலைச் சங்கிலியில் முன்னே 16, பின்னே 42 பல், அதாவது 2.625. அந்த மோட்டார் சைக்கிள் அதன் பெரிய பின்சில்லோடு, நிமிடத்துக்கு 15,000 சுற்றில், ஆறாவது கியரில், கணக்கின்படி மணிக்கு 260 கிலோமீற்றரைத் தாண்டும். நம் காரோ 110-ஐத் தொட்டால் பெரிது. நெடு ஓட்டத்திற்கூட, இரு முனையிலும் கொண்டை ஊசி வளைவுள்ள நேர்ப்பாதை 77 மீற்றருக்கு மேற்படக் கூடாதென்று விதி. கூம்பு ஓட்டத்தில் அது 60 மீற்றர்.

அது மாத்திரமா? எஞ்சின் மூச்சு விடும் குழாயை 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் ஒடுக்கத்தினூடாகச் செலுத்தவேண்டும் என்பது இன்னொரு விதி. எஞ்சினின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. முன்னர் 610 கன சென்ரிமீற்றராயிருந்தது பின்னர் 710 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் மெய்யான கடிவாளம் அந்த 20 மில்லிமீற்றரே. ஒடுக்கத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அப்பால் எவ்வளவு உறிஞ்சினாலும் அதிகக் காற்று வராது. வினாடிக்குச் சுமார் 70 முதல் 75 கிராம் காற்று, அவ்வளவே. 600 கன சென்ரிமீற்றர் எஞ்சின் நன்றாய் நிரம்பி ஓடினால் ஏறக்குறைய 12,000 சுற்றிலேயே இந்த எல்லையில் முட்டிக்கொள்ளும். ஆதலால் 15,000 சுற்று என்பது பழங்கதை. நாம் 11,500 சுற்றைப் பயனுள்ள உச்சமாகவும், 55 நியூற்றன் மீற்றரை நடுச் சுற்றுக்களில் முறுக்கமாகவும், 60 கிலோவாற்றை, அதாவது ஏறக்குறைய 80 குதிரைவலுவை, உச்ச வலுவாகவும் வைத்துக் கணக்கிடுவோம். இவை நடுத்தரமான ஒரு காருக்குப் பொருந்தும் எண்கள். தம் எஞ்சினைத் தாமே வலுமானியில் ஏற்றி அளந்தவர் தம் எண்ணைப் போட்டுக்கொள்க. அளக்காமற் கதைப்பவர் சொல்லும் எண்ணை மாத்திரம் நம்பவேண்டாம்.

ரயர் 18 அங்குல விட்டமும் 10 அங்குல றிம்மும் உள்ளதென்க. பாரம் ஏறியபின் உருளும் ஆரை சுமார் 225 மில்லிமீற்றர். ஒரு சுற்றுக்கு 1.414 மீற்றர். இதைக் கடதாசியிற் பார்ப்பதிலும் நேரே அளப்பது நன்று. ஓட்டுநரை இருத்தி, ரயரிற் சோக்கட்டியால் ஒரு கோடு இட்டு, ஐந்து சுற்றுத் தள்ளி, ஓடிய தூரத்தை ஐந்தாற் பிரித்தால் வேலை முடிந்தது. சில்லு வேறானால் எல்லாம் வேறாகும். 13 அங்குல றிம்மிலே 20.5 அங்குல ரயர் போட்டிருந்தால் அதே பற்சில்லு ஏறக்குறைய பதினான்கு வீதம் உயர்ந்த விகிதம்போல் நடக்கும். வேறு சர்வகலாசாலைக் காரின் பல்லெண்ணிக்கையைக் கேட்டறிந்து அப்படியே பூட்டுவோர் மறந்துபோகும் செய்தி இது.

இனி மூன்று பின் பற்சில்லுகளை எடுப்போம். முன்னே 11 பல்; பின்னே 32 அல்லது 36 அல்லது 40. விகிதங்கள் 2.91, 3.27, 3.64.

32 பல்லோடு, 11,500 சுற்றில், முதலாம் கியர் மணிக்கு 58 கிலோமீற்றர் வரை போகும், இரண்டாவது 79, மூன்றாவது 95, நாலாவது 110. 36 பல்லோடு 51, 71, 85, 98, ஐந்தாவதில் 108. 40 பல்லோடு 46, 64, 76, 88, 97, ஆறாவதில் 105.

சாதாரணமாக எவரும் சொல்வது என்ன? பல் கூடினால் இழுவை கூடும்; ஆகவே நேர் ஓட்டத்தில் வெல்லப் பல்லைக் கூட்டு என்பதே. நாமும் இதை ஒப்புக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் ரயரைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

காரும் ஓட்டுநரும் சேர்ந்து 290 கிலோகிராம் என்போம். பாரத்தில் 55 வீதம் பின்னே. ஆர்முடுகும்போது இன்னும் கொஞ்சம் பாரம் பின்னே சாயும். நல்ல பந்தய ரயர் நல்ல தார்த் தரையில் தன்மேல் உள்ள பாரத்தைப் போல் 1.4 மடங்கு பிடிக்குமென்றால், பின்சில்லுகள் இரண்டும் சேர்ந்து தரையைத் தள்ளக்கூடிய விசை சுமார் 3,000 நியூற்றன். அதற்குமேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் ரயர் புகைந்து சுழலுமேயன்றிக் கார் முன்னே பாயாது. இப்போது எஞ்சின் கொடுப்பதைப் பார்ப்போம். பத்தில் ஒன்று வழியில் உராய்விற் போனதாகக் கழித்தால், 36 பல்லோடு முதலாம் கியரில் சில்லின் விளிம்பில் வருவது சுமார் 4,600-இல் பத்தில் ஒன்று குறைய, 4,200 நியூற்றன். 32 பல்லோடு 3,700. இரண்டும் 3,000-ஐத் தாண்டியவையே! முதலாம் கியரில் இரண்டு பற்சில்லுக்கும் கார் ஒரே கதியிற்றான் பாயும். பல் கூடிய காரில் ஓட்டுநர் அக்சிலேற்றரை இன்னும் கொஞ்சம் விட்டுப் பிடிக்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான். அதோடு, 32 பல் உள்ளவர் முதலாம் கியரிலேயே 58 கிலோமீற்றர் வரை போவார். 36 பல் உள்ளவர் 51-இலேயே கியர் மாற்றவேண்டும்.

இரண்டாம் கியரில் மாத்திரம் வேறுபாடு தெரியும். 36 பல்லோடு 3,040 நியூற்றன், ரயரின் எல்லையோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கின்றது. 32 பல்லோடு 2,700. ஆனால் 71-இல் 36 பல்லுக்காரர் மூன்றாவதுக்குப் போகும்போது, 32 பல்லுக்காரர் இன்னும் இரண்டாவதிலேயே இருப்பார். அங்கே இருவர் இழுவையும் ஏறத்தாழச் சமமாகிவிடும். ஆக, கொஞ்சம் பெற்று கொஞ்சம் இழப்பதே நடக்கின்றது. உண்மையில் மேலே போகப் போக எஞ்சினின் வலு ஒன்றே பேசும். எந்த விகிதம் போட்டாலும் 60 கிலோவாற்று 61 ஆகாது.

பின் எதனால் வித்தியாசம்? கியர் மாற்றங்களின் எண்ணிக்கையால். இத்தகைய கார் 75 மீற்றரை நாலு வினாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஓடி, முடிவில் மணிக்கு 105 கிலோமீற்றர் அளவில் இருக்கும். 32 பல்லோடு மூன்று மாற்றம். 36 பல்லோடு நாலு. 40 பல்லோடு ஐந்து. ஒவ்வொரு மாற்றத்திலும் சில்லுக்கு வலு போகாத ஒரு கணம் உண்டு. கையால் நெம்பி மாற்றுபவருக்கு வினாடியில் ஐந்திலொரு பங்கு வரை போய்விடும். அமுக்கக் காற்றால் மாற்றும் அமைப்பு உள்ளவருக்கு அதிற் பாதியும் ஆகாது. புள்ளி வழங்கும் சூத்திரப்படி, முதல்வர் 4.0 வினாடியில் ஓடினால், 4.1 வினாடியில் ஓடியவர் 100-இற்கு 93 பெறுவார். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஏழு புள்ளி!

இன்னொரு சங்கதியும் உண்டு. எஞ்சினுக்குள்ளே சுழலும் பாகங்களையும் நாம் சேர்த்தே ஆர்முடுக்கவேண்டும். அவற்றின் சடத்துவம் காரின் திணிவோடு கூட்டப்படுவது விகிதத்தின் வர்க்கப்படி. மொத்த விகிதத்தை இரட்டித்தால் இந்த மறைந்த பாரம் நாலு மடங்காகும். தராசிலே தெரியாத பாரம் இது. காரிலிருந்து அரைக் கிலோ குறைக்கவென்று ஆணியெல்லாம் துளைபோடும் மாணவர் இதனைக் கவனிப்பதில்லை.

இவ்வளவுங் கேட்டதும், அப்படியானால் 32 பல்லே நல்லது என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரம் வேண்டாம். நேர் ஓட்டத்துக்கு 100 புள்ளி. கூம்பு ஓட்டமும் நெடு ஓட்டமும் சேர்ந்து 400 புள்ளி. அங்கே நிலைமை வேறு.

விதிப்படி கொண்டை ஊசி வளைவின் வெளிவிட்டம் 9 மீற்றர் வரை சிறிதாகலாம். காரின் நடுப்பகுதி போகும் பாதையின் ஆரை நாலு மீற்றரிலும் குறைவு. ரயரின் பிடியை நினைத்தால் அவ்வளைவை மணிக்கு 26 கிலோமீற்றர் அளவிலேயே சுற்றலாம். இரண்டாம் கியரில் அப்போது எஞ்சின் எத்தனை சுற்றில் இருக்கும்? 40 பல்லோடு 4,700. 36 பல்லோடு 4,200. 32 பல்லோடு 3,750. தொழிற்சாலைப் பற்சில்லை அப்படியே விட்டால் 3,400-தான். இவ்வெஞ்சின் உயர்ந்த சுற்றுக்காகப் பிறந்தது. நாலாயிரத்துக்குக் கீழே அது இருமும், தயங்கும். ஓட்டுநர் மிதித்தும் கார் புறப்படாமல், பிறகு திடீரென்று பாயும். வளைவிலிருந்து வெளிவரும் அந்த அரை வினாடியே அடுத்த நேர்ப்பாதை முழுவதையும் தீர்மானிப்பது.

அவ்வாறாயின் முதலாம் கியருக்கு இறங்கலாமே என்பீர். இறங்கலாம். ஆனால் மோட்டார் சைக்கிளின் கியர்ப் பெட்டியில் முதலாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே நியூற்றல் ஒளிந்திருக்கின்றது. மோட்டார் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் இதை நன்கு அறிவார்கள். அவசரத்தில் மேலே தட்டும்போது இரண்டாவதுக்குப் போகாமல் நியூற்றலில் விழுந்தால் எஞ்சின் அலறும், கார் நிற்கும். ஒருமுறை விழுந்தால் இரண்டு வினாடி போய்விடும். பலமுறை விழுந்தால் கியரின் பற்களே தேய்ந்துபோகும். ஆகவே முதலாம் கியரைப் புறப்படுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, சுற்று முழுவதையும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஓடுவதே அனுபவமுள்ள பலர் வழக்கம். நாமும் அதனையே நல்வழி என்போம்.

இப்படி முடிவு செய்தபின் கேள்வி தெளிவாகின்றது. இரண்டாம் கியர் கீழே கொண்டை ஊசியிலும் தயங்கக் கூடாது; மேலே சீக்கிரம் முடிந்துவிடவும் கூடாது. கூம்புகளுக்கிடையே கார் மணிக்கு 80, 85 வரை எட்டுமென்றால், 32 பல்லுக்கு ஏறக்குறைய மாற்றமே வேண்டாம், கீழேதான் தயக்கம். 36 பல்லுக்கு ஒரு மாற்றம். 40 பல்லுக்கு இரண்டு மாற்றம். திரும்ப இறங்குவதற்கும் இரண்டு. ஒரு சுற்றில் அப்படிப்பட்ட நேர்ப்பாதை எட்டு உண்டென்றும், ஒரு சுற்று ஒரு கிலோமீற்றர் என்றும் வைப்போம். 22 சுற்றுக்கு, 40 பல்லுக்காரர் 36 பல்லுக்காரரிலும் 176 முறை மேலதிகமாக ஏற்றவேண்டும், 176 முறை மேலதிகமாக இறக்கவேண்டும். இருபது வயதுப் பிள்ளை, வெயிலில், தலைக்கவசத்துக்குள்ளே வியர்த்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை இது. களைத்த கையே பிழைவிடும். நெடு ஓட்டத்தை முடிக்காமல் வழியில் நின்றுபோகும் கார்கள் ஒவ்வோராண்டும் பல. முடித்தாலே பாதி வெற்றி என்று சொல்வது மிகையன்று.

எட்டு வடிவ ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீற்றர், நல்ல கார் ஒரு வட்டத்தை ஐந்து வினாடி அளவில் முடிக்கும், மணிக்கு 37 கிலோமீற்றர். 36 பல்லோடு இரண்டாம் கியரில் அது 6,000 சுற்று. அந்தச் சுற்றில் முறுக்கம் மேடுபள்ளமின்றி வழுவழுப்பாக இருந்தாற் போதும். எரிபொருட் சிக்கனமும் அப்படியே: சுற்றுக் குறைந்தால் உராய்வு குறையும், ஆகவே உயர்ந்த விகிதம் சிறிது உதவும், ஆனால் ஓட்டுநரின் பாதம் செய்வதிலும் அது சிறிதே.

நம் முடிவு நடுவிலுள்ள 3.2, 3.3 என்ற அளவிலே நிற்கின்றது. இது எல்லாக் காருக்கும் பொது மருந்து அன்று. கோயம்புத்தூரிற் பலர் பூட்டும் கே.ரி.எம். 390 எஞ்சினை எடுத்தால், அது 373 கன சென்ரிமீற்றர் ஒற்றைச் சிலிண்டர். முறுக்கம் குறைவு, சுழற்சியும் குறைவு. அதன் தொழிற்சாலைச் சங்கிலி 15-இற்கு 45, அதாவது 3.0. நம் 18 அங்குல ரயரோடு 9,500 சுற்றில் ஐந்தாம் கியர் ஏறக்குறைய 105 கிலோமீற்றரைத் தரும். இரண்டாம் கியர் 54 வரைதான். ஒற்றைச் சிலிண்டர் தாழ்ந்த சுற்றிலும் பொறுமையாய் இழுப்பதால், அவர்கள் பல்லைக் கொஞ்சம் குறைத்து இரண்டாவதை நீட்டிக்கொள்ளவும் இடமுண்டு. எஞ்சினின் குணத்தைப் பார்த்தே பல்.

இன்னொரு கேள்வி இருக்கின்றது. அதே விகிதத்தை 11-இற்கு 36 என்று பெறலாம். 13-இற்கு 42 என்றும் பெறலாம். பின்னது 3.23. கணக்கில் ஏறக்குறைய ஒன்று, காரில் ஒன்றன்று. பற்சில்லு என்பது வட்டமன்று, பலகோணம். சங்கிலி அதன்மேல் ஏறும்போது ஆரை ஏறியும் இறங்கியும் வரும். 11 பல்லில் சங்கிலியின் கதி ஒவ்வொரு பல்லுக்கும் சுமார் 4 வீதம் கூடிக்குறையும். 13 பல்லில் 3 வீதத்திற்குள். அத்துடன் ரயரின் பிடி முழுதும் இழுக்கும்போது, 11 பல்லில் சங்கிலியின் இழுவை சுமார் 7,300 நியூற்றன். முக்கால் தொன் பாரத்தைத் தொங்கவிட்டதற்குச் சமானம். 13 பல்லில் 6,300. கிளச்சைத் திடீரென்று விடும்போது இதைவிடவும் எகிறும். 42 பல்லுச் சில்லு 36-இலும் மூன்று சென்ரிமீற்றர் அகலம் கூடியது, கொஞ்சம் பாரமும் கூட. நாம் அந்தப் பாரத்தை மனமுவந்து சுமப்போம். ஏனெனில் அந்தச் சங்கிலி ஓடுவது ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். அறுந்த சங்கிலி சாட்டைபோல வீசும். அதனாலேயே சங்கிலிக்குமேல் 2.66 மில்லிமீற்றருக்குக் குறையாத உருக்குத் தகட்டுக் காப்பு, சங்கிலியின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு அகலத்தில், இருந்தே தீரவேண்டுமென்று விதி செய்தார்கள். பாரத்தைக் குறைக்கிறோமென்று இத்தகட்டை மெலிதாக்க நினைப்பவரைப் பட்டறைக்குள்ளேயே விடலாகாது.

மின்சாரக் கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றுக்குக் கியர்ப் பெட்டியே பெரும்பாலும் இல்லை, ஒரே குறைப்புத்தான். சூரிச் நகர மாணவர் கட்டிய கார் 2023-ஆம் ஆண்டு செப்டெம்பரில், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை 0.956 வினாடியில் எட்டி உலக சாதனை செய்தது. அங்கேயும் பிரச்சினை நாம் பேசியதே: ரயர் பிடிக்கும் விசைக்குமேல் முறுக்கம் கொடுத்துப் பயனில்லை. அவர்கள் காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்து ரயரின் பிடியையே கூட்டிக்கொண்டார்கள்.

போட்டிக் களத்தில் அமைப்பை விசாரிக்கும் நடுவர், இந்த விகிதத்தை ஏன் தெரிந்தீர் என்று கேட்பது உறுதி. போன வருடத்துக் காரிலும் இதுவே இருந்தது என்ற விடைக்கு மதிப்பில்லை. பெரியோர் செய்ததைப் பின்பற்றுவதில் தவறில்லை. ஆனால் அவர்கள் ஏன் செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமற் பின்பற்றுவதை அவர்களே விரும்பமாட்டார்கள். கணனியிலே சுற்று நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர் ஒன்றைக் காண்பர்: நல்ல விகிதத்தைச் சுற்றிப் பத்து வீதம் இப்புறமோ அப்புறமோ போனாலும் நேரம் மிகக் கொஞ்சமே மாறும். வளைகோட்டின் அடி தட்டையானது. ஆகவே தசமத்தின் மூன்றாம் தானத்துக்காகச் சண்டையிட வேண்டாம். கியர் மாற்றம் எந்த இடத்தில் விழுகின்றது, வளைவின் நடுவிலே விழுகின்றதா, பிரேக் பிடிப்பதற்குப் பத்து மீற்றர் முன்னால் விழுகின்றதா என்பதைப் பார்த்துத் தெரிவதே புத்தி.

அதனைக் கடதாசி சொல்லாது, களமே சொல்லும். போட்டிக்கு ஆறு வாரம் முன்னராவது கார் ஓடத்தொடங்கவேண்டும். 40, 42, 44 என்று மூன்று பின் பற்சில்லுகளையும் முன்னே 13 பல்லையும் முன்கூட்டியே வெட்டுவித்து வைத்துக்கொள்ளவேண்டும். பல்லெண்ணிக்கை மாற மாறச் சங்கிலியின் கண்ணிகளும் மாறுமாதலால், பின்னச்சை முன்பின் நகர்த்தும் இடமோ வேறு நீளச் சங்கிலியோ தயாராயிருக்கவேண்டும். வெற்றுத் தரையிற் கூம்பு வைத்து, 9 மீற்றர் வளைவு ஒன்றும் 60 மீற்றர் நேர்ப்பாதை ஒன்றும் அமைத்து, ஒரே ஓட்டுநரை ஒவ்வொரு பற்சில்லோடும் பத்துச் சுற்று ஓடவிட்டு, நேரத்தையும் கியர் மாற்றிய இடத்தையும் எழுதவேண்டும். பிறகு இரண்டாவது ஓட்டுநரைக் கொண்டு அவ்வாறே செய்யவேண்டும். நெடு ஓட்டத்தில் பாதித்தூரத்தில் ஓட்டுநர் மாறியே ஆகவேண்டுமென்பதால் அவருடைய கையும் கணக்கிற் சேரவேண்டும். இருவருக்கும் ஒத்த பற்சில்லைப் பூட்டி, ஆணிகளைக் கம்பியால் கட்டி, சங்கிலியின் தொய்வை ஓட்டுநர் உள்ளே இருக்கும்போது அளந்து குறித்துக்கொண்டு பரிசோதகரிடம் காரைத் தள்ளிச் செல்லலாம்.